கட்டி வெல்லமும் பொடி வெல்லமும்

மார்க்கையன்கோட்டை
2 ஜூன் 2025

அன்புள்ள ஜெபமணி அக்காவுக்கு,

"டீச்சர், வெல்லம் எல்லாம் ஒரே வெல்லந்தானே? பொடிச்சுப் போட்டா மட்டும் எதுக்கு வெரசாக் கரையுது?" என்று ஏழாம் வகுப்பில் ஒரு பையன் உங்களைக் கேட்டானே, ஞாபகம் இருக்கிறதா? அந்தச் சுருளியாண்டியை இன்று பார்த்தேன். சின்னமனூர் - போடி பஸ்ஸில் கண்டக்டராக இருக்கிறான். தலையில் பாதி நரைத்துவிட்டது. படியில் நின்றபடியே, "டீச்சர், சௌக்கியமா? நம்ம வெல்ல டீச்சர் எப்படி இருக்காக?" என்று கத்தினான். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உங்களுக்கு அப்படி ஒரு பட்டப்பெயர் இருந்தது எனக்கே இத்தனை நாள் தெரியாது.

இன்று பள்ளிக்கூடம் திறந்த நாள். அதனால்தான் காலையில் ஒரு வேலையும் இல்லாமல் பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஓய்வு பெற்று இத்தனை வருடம் ஆகியும் ஜூன் மாதம் பிறந்தால் கால் தானாக அங்கே போய்விடுகிறது. நாம் வேலை பார்த்த நாளில், போடியிலிருந்து வரும் பஸ்ஸில் நீங்கள் ஜன்னலோரம் உட்கார்ந்து, பக்கத்து இருக்கையில் குடையைக் கிடத்தி எனக்கு இடம் பிடித்து வைத்திருப்பீர்கள். "இது யாரு குடை?" என்று யாராவது கேட்டால், "இது குடை இல்ல, கணக்கு டீச்சர்" என்பீர்கள்.

அந்த வெல்லச் சோதனையும் நன்றாக நினைவிருக்கிறது. இரண்டு கண்ணாடித் தம்ளர், இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர். ஒன்றில் முழுக் கட்டி, மற்றொன்றில் இடித்த வெல்லம். பொடி சட்டென்று கரைந்து தண்ணீர் பழுப்பாகிவிடும். கட்டி மட்டும் மணி அடிக்கிற வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துகொண்டே இருக்கும். பாடம் முடிந்ததும் பையன்கள் சோதனையையே குடித்துவிடுவார்கள். ஆய்வுக்கூடத்தில் எறும்பு வருகிறது என்று தலைமை ஆசிரியர் உங்களிடம் விளக்கம் கேட்டதும், "எறும்பும் படிக்கத்தான் வருது சார்" என்று நீங்கள் சொன்னதும் மறக்குமா?

இதையெல்லாம் போனில் சொல்லிச் சிரிக்கலாம் என்றுதான் கூப்பிட்டேன். நீங்கள் "ஆலோ, யாரு, சத்தமாப் பேசுங்க" என்கிறீர்கள். நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு ராமுத்தாய் ஏதோ சண்டை என்று ஓடி வந்துவிட்டாள். காதுக்கு மிஷின் வாங்கப் போவதாகச் சொன்னீர்களே, என்ன ஆயிற்று? அது வரும் வரை நமக்குக் கடிதம்தான் கதி.

முக்கியமான விஷயம். மார்ச்சில் நாம் இருவரும் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனபோது, உங்களுக்கு ரத்தக் கொதிப்பு அதிகம் என்று சொல்லி டாக்டர் புது மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் இருதயத்துக்கு ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொன்னார். மூன்று மாதம் ஆகப் போகிறது. போனீர்களா?

எனக்குக் கண்ணில் புரை வளர்ந்திருக்கிறதாம். இன்சூரன்ஸ் தருவது சாதா லென்சுக்குத்தான், நல்ல லென்ஸ் வேண்டுமென்றால் மீதியை நாம்தான் கட்ட வேண்டும் என்று கவுண்டரில் சொன்னார்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அவசரம் ஒன்றுமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பேனாவைத் திட்டுங்கள்.

இங்கே பெரியாற்றுத் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டது. நாற்று பாவிக்கொண்டிருக்கிறார்கள். சாரல் காற்று தொடங்கிவிட்டது. உடனே பதில் எழுதுங்கள்.

அன்புடன்,
சங்கிலியம்மாள்

*

போடிநாயக்கனூர்
9 ஜூன் 2025

அன்புள்ள சங்கிலி,

கர்த்தருடைய கிருபையால் நலம். வெல்ல டீச்சர் என்ற பெயர் எனக்குப் பிடித்திருக்கிறது. உன்னை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று எனக்குத் தெரியும். 'கழித்தல் டீச்சர்'. ஒரு படி விட்டுப் போனாலும் மார்க்கைக் கழித்துவிடுவாயே, அதனால். சுருளியாண்டியை அடுத்த முறை பார்த்தால் கேட்டுப் பார்.

ஸ்கேன் எடுக்கப் போனேன். போகாமல் இல்லை. இன்சூரன்ஸ் அட்டையைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண்ணிடம் நீட்டினேன். அது என்னவோ சொன்னது. என் காதில் விழவில்லை என்று தெரிந்ததும் ஒரு தாளில் எழுதிக் காட்டியது: அட்மிட் ஆனால்தான் அட்டை செல்லும். ஸ்கேன், மாத்திரை, டாக்டர் பீஸ் எல்லாம் கையிலிருந்துதான்.

"அப்ப நான் விழுந்து கிடந்தாச் செல்லும், விழாம இருக்கணும்னு வந்தாச் செல்லாதா தாயி?" என்று கேட்டேன்.

"ஆமா பாட்டி" என்றது. அதை மட்டும் எனக்குக் கேட்கிற மாதிரி நன்றாகச் சத்தமாகச் சொன்னது.

மாதா மாதம் பென்ஷனில் அதற்கென்று பிடிக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை. பெரிய ஆபரேஷன் என்றால் அந்த அட்டைதான் காப்பாற்றும், அது எனக்கும் தெரியும். ஆனால் வகுப்பில் உதாரணம் சொல்வது போலச் சொன்னால், மழையில் நனைந்து சளிக்காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிச் செலவைத் தருவார்கள். குடை வாங்கத் தர மாட்டார்கள். சரி என்று திரும்பி வந்துவிட்டேன். காதுக்கு மிஷினும் அந்தக் குடை வகைதான். அதற்கென்று சேர்த்து வைத்ததைத் தொடாமல் வைத்திருக்கிறேன்.

மாத்திரையைப் பற்றிக் கேட்டாய். விலை கூடின மாத்திரை அது. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன். மாதக் கடைசியில் சாக்பீஸ் பெட்டி காலியாகும்போது நாம் என்ன செய்வோம்? முழு சாக்பீஸை உடைத்து ஆளுக்குப் பாதி எடுத்துக்கொள்வோம். இரண்டு வகுப்பும் நடக்கும். அதே வழிதான். காலையில் இட்லிக்குப் பிறகு பாதி மாத்திரை, மறுநாள் மறுபாதி. ஒரு அட்டை மாத்திரை இரண்டு அட்டை ஆகிவிட்டது. கணக்கு டீச்சர் நீதான் இதை மெச்ச வேண்டும்.

உடம்பு சுமார். காலையில் மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் தலை ஒரு சுற்றுச் சுற்றும். சுவரைப் பிடித்துக்கொள்வேன். மத்தியானத்துக்குள் சரியாகிவிடும். பொழுது சாய்ந்த பிறகு பின்னந்தலை கனக்கும். வயது எழுபத்திரண்டு, வேறென்ன.

கீழே கடையில் ஏலக்காய் வந்து இறங்கியிருக்கிறது. என் மாடி அறை முழுக்க வாசனை. நீ வந்தால் ஏலக்காய் டீ போட்டுத் தருகிறேன்.

உன் அக்கா,
ஜெபமணி

*

மார்க்கையன்கோட்டை
14 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதத்தைச் சிரித்துக்கொண்டே படிக்கத் தொடங்கினேன். பாதியில் சிரிப்பு நின்றுவிட்டது.

மெச்ச மாட்டேன். கழித்தல் டீச்சர் என்றுதானே சொன்னீர்கள்? முழு மார்க்கையும் கழிக்கிறேன். போடியிலிருந்து மார்க்கையன்கோட்டை வரைக்கும் டிக்கெட் எடுத்துவிட்டுச் சின்னமனூரில் போய் இறங்க முடியுமா? சுருளியாண்டிகூட விடமாட்டான். பாதி மருந்தைச் சாப்பிட்டுவிட்டு முழு வியாதியை எப்படி அடக்குவது?

நாம் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு டாக்டர் இருந்தாரே. கம்பவுண்டர் சிவப்பு மருந்தைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி, ஒரு காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு பல்லுக்கு ஒரு வேளை. ஏமாற்ற முடியாது. மருந்து எந்தப் பல்லில் நிற்கிறது என்று அடுத்த முறை போகும்போது டாக்டரே தூக்கிப் பார்ப்பார். எனக்கு மஞ்சள் காமாலை வந்தபோது நீங்கள்தான் கூட்டிப் போனீர்கள். மருந்து எழுதுவதற்கு முன்னால் அவர், "வீட்டில என்ன ஆத்தா சமையல்? மோர் ஊத்திக்க வசதி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உடனே எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார். மறுநாள் நீங்கள் ஒரு தூக்குச்சட்டி நிறைய மோர் கொண்டு வந்தீர்கள். பஸ்ஸில் அது தளும்பி உங்கள் புடவையெல்லாம் மோர். நினைத்தால் இப்போதும் மோர் வாசனை வருகிறது.

அந்த மோரை நான் வேண்டாம் என்று சொன்னேனா அக்கா? வாங்கிக் குடித்தேன். மாத்திரைக்கு ஆவதை நான் தருகிறேன் என்றால் நீங்கள் வாங்கிக்கொள்ள மாட்டீர்கள். அதனால் ஒன்று செய்துவிட்டேன். உங்களிடம் மறைக்க மனம் வரவில்லை. போன வியாழக்கிழமை சின்னமனூரில் ஒரு கல்யாணத்தில் உங்கள் தம்பி மகன் வினோத்ராஜைப் பார்த்தேன். பாதி மாத்திரையையும் எடுக்காத ஸ்கேனையும் அவனிடம் சொல்லிவிட்டேன். உங்கள் மாடிக்குக் கீழேயே கடை வைத்திருக்கிறவனுக்கு இது தெரியாமல் இருக்கலாமா?

கோபப்படாதீர்கள். கோபப்பட்டாலும் எழுதுங்கள்.

சங்கிலி

*

போடி
19 ஜூன் 2025

சங்கிலிக்கு,

நேற்று காலை வினோத்ராஜும் அவன் பெண்டாட்டி ஷெரினும் மாடிக்கு வந்தார்கள். வந்தவன் உட்காரக்கூட இல்லை. ஒரு கவரை எடுத்து என் வேதப் புத்தகத்தின் மேல் வைத்தான். "அத்தை, எங்ககிட்டச் சொல்லக் கூடாதா? மார்க்கையன்கோட்டை டீச்சர் சொல்லித்தான் நாங்க தெரிஞ்சுக்கிறணுமா?" என்றான். அதைச் சொல்வதற்கு அவன் கத்த வேண்டியிருந்தது. கடைப் பையன்கள் எல்லாரும் கேட்டார்கள். ஷெரின் மாத்திரை டப்பாவைத் திறந்து, உள்ளே கிடந்த பாதித் துண்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

நான் கையைப் பிடித்து அ எழுத வைத்த பிள்ளை அவன். அவனுக்கே இந்த வருடம் கடையில் வியாபாரம் இல்லை. மகளைக் கல்லூரியில் சேர்க்க அலைந்துகொண்டிருக்கிறான். அவன் கையிலிருந்து கவர் வாங்குகிற நிலைமைக்கு என்னைக் கொண்டுவந்து வைத்துவிட்டாய். கவரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மோரையும் இதையும் ஒன்றாகச் சொல்லாதே. உனக்கு மோர் தந்ததை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. உன் வீட்டில் மோர் இல்லை என்று ஸ்டாஃப் ரூமில் போய்ச் சொல்லியிருந்தால் நீ அந்தத் தூக்குச்சட்டியைத் தொட்டிருப்பாயா?

இன்று காலை மாடிப்படியில் தலை சுற்றி இரண்டு படி சறுக்கினேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டதால் முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. வேண்டுமென்றால் இதையும் யாரிடமாவது சொல்லிக்கொள்.

கொஞ்ச நாளைக்குக் கடிதம் வேண்டாம்.

ஜெபமணி

*

மார்க்கையன்கோட்டை
23 ஜூன் 2025

அன்புள்ள அக்கா,

வேண்டாம் என்றீர்கள். எழுதுகிறேன். இதைப் படித்து முடித்துவிட்டு எவ்வளவு நாள் வேண்டுமானாலும் கோபமாக இருங்கள்.

ஸ்டாஃப் ரூமைப் பற்றி நீங்கள் எழுதியது சரி. வினோத்ராஜிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று பயந்து கேட்காமல் விட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள். ஆனால் நான் இப்போது எழுத வந்தது அதைப் பற்றி அல்ல.

நேற்று பாசிப்பருப்புப் பாயசம் வைத்தேன். பருப்பு வெந்துவிட்டது. வெல்லத்தை முழுக் கட்டியாகப் போட்டேன். அது கரைகிற மாதிரித் தெரியவில்லை. ராமுத்தாய் எட்டிப் பார்த்து, "என்னக்கா, இது கரையுறதுக்குள்ள தீவாளி வந்துரும். எடுத்து நல்லா நச்சிப் போடுங்க" என்றாள். எடுத்து இடித்துப் போட்டேன். கரண்டியால் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் கரைந்துவிட்டது.

அப்படியே அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன், அக்கா. சுருளியாண்டி கேட்ட கேள்வி காதில் மறுபடி கேட்டது. அதற்கு நீங்கள் சொன்ன பதிலும் கேட்டது. "கட்டிக்கு வெளிப்பக்கம் மட்டும்தான் தண்ணி படும்டா. உள்ள இருக்கிற வெல்லம் தன் முறை வர்ற வரைக்கும் காத்துக்கிட்டு இருக்கணும். உடைச்சிட்டா, எல்லாம் ஒரே நேரத்தில வெளிய வந்து நிக்கும்."

மார்ச்சில் டாக்டர் அறையில் உங்கள் பக்கத்து நாற்காலியில் நான் இருந்தேன். அவர் மாத்திரை அட்டையைக் காட்டி, "இது நாள் பூரா கொஞ்சம் கொஞ்சமா வேலை செய்யும்மா, அதனால ஒரு வேளை போதும்" என்றார். முகமூடி போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். உங்கள் காதில் விழுந்திருக்கும் என்று நான் நினைத்தேன். விழுந்ததா, அக்கா?

நீங்கள் எழுதியதையே திருப்பிப் படித்துப் பாருங்கள். மாத்திரை போட்டுக் கொஞ்ச நேரத்தில் தலை சுற்றுகிறது. மத்தியானம் சரியாகிறது. இருட்டினால் பின்னந்தலை கனக்கிறது. நாள் பூராவும் கசிய வேண்டிய மருந்து காலையிலேயே மொத்தமாகக் கரைந்துவிட்டால் அப்படித்தானே இருக்கும்? காலையில் கொதிப்பு படாரென்று இறங்குகிறது. சாயங்காலம் காப்பாற்ற மருந்து மிச்சம் இல்லை. சாக்பீஸை உடைத்தால் அது பாதி சாக்பீஸ். இந்த மாத்திரையை உடைத்தால் அது பாதி மாத்திரை இல்லை, வேறு மாத்திரை.

நான் கணக்கு டீச்சர். இது உங்கள் பாடம். நான் சொல்வது தப்பாகவும் இருக்கலாம். உடைத்துச் சாப்பிடலாம் என்கிற மாத்திரைகளும் இருக்கின்றனவாமே. அதனால் என்னை நம்ப வேண்டாம். சுருளியாண்டியிடம் ஒரு பையில் இரண்டு கட்டி வெல்லம் கொடுத்து அனுப்புகிறேன். இரண்டு தம்ளர் உங்களிடம் இருக்கும். பார்த்துவிட்டு டாக்டரிடம் போய்க் கேளுங்கள். அடுத்த தடவை சறுக்கும்போது கைப்பிடி கைக்கு எட்டாமல் போனால், நான் யாருக்குக் கடிதம் எழுதுவேன்?

சங்கிலி

*

மார்க்கையன்கோட்டை
4 ஜூலை 2025

அன்புள்ள அக்கா,

பதில் இல்லை. சுருளியாண்டியைத் தினமும் கேட்கிறேன். வெல்லத்தைக் கொடுத்த அன்று, "வாங்கிட்டாக டீச்சர். 'கட்டியாக் குடுத்தாளா, பொடியாக் குடுத்தாளா'ன்னு கேட்டாக. சிரிக்கல" என்றான். இன்று, "அங்கன மாடி சன்னல் ரெண்டு நாளாச் சாத்திக் கெடக்கு டீச்சர். பஸ்ஸு அந்தப் பக்கமாத்தான் திரும்புது, பாத்துக்கிட்டேதான் போறேன்" என்கிறான். வினோத்ராஜுக்குப் போன் பண்ண விரல் போகிறது. உங்களைக் கேட்காமல் இனி யாரிடமும் பேசமாட்டேன் என்று நினைத்துப் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஒரே ஒரு வரி எழுதுங்கள். திட்டியே எழுதுங்கள்.

சங்கிலி

*

போடி
12 ஜூலை 2025

அன்புள்ள சங்கிலி,

உயிரோடுதான் இருக்கிறேன். சன்னல் சாத்திக் கிடந்ததற்குக் காரணம் ஷெரின். கொஞ்ச நாளைக்கு மாடி ஏறக் கூடாது என்று சொல்லி, கடைக்குப் பின்னால் இருக்கும் அறையில் கட்டிலைப் போட்டுவிட்டாள். சுற்றிலும் ஏலக்காய் மூட்டை. நான் இப்போது மணக்கிற மணத்துக்கு என்னையும் எடை போட்டு விற்றுவிடலாம்.

வெல்லம் வந்தது. கோபத்தில் நான்கு நாள் அதைத் தொடவில்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் பையைச் சுற்றி எறும்பு. எறும்புகூடப் படிக்க வந்துவிட்டது, நான்தான் பாக்கி. சரி என்று எழுந்து இரண்டு தம்ளரில் தண்ணீர் வைத்தேன். ஆனால் வெல்லத்தைப் போடவில்லை. வெல்லம் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாதா? மாத்திரையைப் போட்டேன். ஒன்றில் முழுசு, ஒன்றில் உடைத்தது. நான் செய்ததிலேயே விலை கூடின சோதனை அதுதான். ஆய்வுக்கூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உடைந்தால்கூட எனக்கு இப்படி வயிறு எரிந்ததில்லை.

உடைத்தது காப்பி குடித்து முடிப்பதற்குள் பொலபொலவென்று பிரிந்து அடியில் மாவாக நின்றது. முழுசு மேல்தோல் கலையாமல் சாயங்காலம் வரை அப்படியே கிடந்தது. தம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஷெரின் வந்து, "என்ன அத்தை பாக்குறீங்க?" என்று கேட்டாள். முப்பது வருடம் எந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுத்தேனோ அதைப் பார்க்கிறேன் என்றேன். அவளுக்கு விளங்கவில்லை. உட்கார வைத்து விளக்கினேன். கேட்டு முடித்ததும் அவள் போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, எனக்கும் செருப்பை எடுத்து வைத்தாள்.

தேனிக்குப் போனோம். நான் சொன்னதை டாக்டர் கேட்டார். கம்ப்யூட்டரிலிருந்து முகத்தைத் திருப்பி, முகமூடியைக் கழற்றினார். இந்தத் தடவை அவர் பேசியது எனக்குப் பாதிக்கு மேல் கேட்டது. மீதியை ஷெரின் காதருகே சொன்னாள்.

"இதை உடைக்கவே கூடாதும்மா. எதுக்கு உடைச்சீங்க?"

"கட்டுபடியாகல சார்."

"இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கேக்கலையே சார்."

நல்ல மனிதர்தான், சங்கிலி. அந்தப் பழைய டாக்டர் மாதிரிப் பாட்டிலைத் தூக்கிப் பார்க்க அவருக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். மாத்திரை அட்டையை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு வேறு ஒன்று எழுதினார். சாதாரண மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. பாதி விலைகூட இல்லை. அரசு ஆஸ்பத்திரியிலும் கேட்டுப் பார்க்கச் சொன்னார். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரியாமல் மூன்று மாதமாக நான் சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தேன். எனக்குக் கட்டுபடியாகவில்லை என்று அவருக்குத் தெரியாது. வேறு மருந்து இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. நடுவில் ஒரு மேஜைதான் இருந்தது.

ஸ்கேனும் எடுத்துவிட்டேன். காதுக்கு மிஷின் வாங்கச் சேர்த்ததை எடுத்துக் கட்டினேன். கொதிப்பு அடங்காமலே இருந்ததில் இருதயத்தின் சுவர் ஒரு பக்கம் தடித்திருக்கிறதாம். ஆபரேஷன் வேண்டாம். இனி ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, இப்படியே இன்னும் ஒரு வருடம் போயிருந்தால் ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் பார்த்திருப்போம் என்றார். கட்டிலில் பார்த்திருந்தால் இன்சூரன்ஸ் அட்டை செல்லுபடியாகியிருக்கும். இப்போது அது பர்சுக்குள் பத்திரமாக இருக்கிறது. நான் விழவில்லை அல்லவா?

தலைச்சுற்றல் நின்றுவிட்டது. வினோத்ராஜிடம் கவர் வாங்கவில்லை. ஆனால் மாத்திரையை அவனே வாங்கி வருகிறான், நான் அதற்கு வாய் திறப்பதில்லை. அவன் மகளுக்குச் சாயங்காலம் வேதியியல் சொல்லிக் கொடுக்கிறேன். காது கேட்காத டீச்சரிடம் படிப்பதில் அவளுக்கு ஒரு சௌகரியம், தப்பாகச் சொன்னால் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாள். உதட்டைப் பார்த்தே பிடித்துவிடுகிறேன்.

நீ வினோத்ராஜிடம் சொன்னது தப்புத்தான். சொல்லாமல் விட்டிருந்தால் அதைவிடப் பெரிய தப்பு. இரண்டையும் கூட்டிக் கழித்து என்ன வருகிறதோ அதை நீயே போட்டுக்கொள்.

நான் கடிதங்களை எடுத்து வைப்பவள் என்று உனக்குத் தெரியும். நேற்று உன்னுடையதை எல்லாம் வரிசையாகக் கட்டிலில் பரப்பினேன். எத்தனை ஆயிரம் விடைத்தாளைத் திருத்தியிருப்பேன்? எழுத்தைப் பார்த்தே இந்தப் பையன் பின் பெஞ்சில் உட்கார வேண்டியவனா, முன்னால் உட்கார வேண்டியவனா என்று சொல்லிவிடுவேன். ஜூன் தொடக்கத்தில் உன் எழுத்து நெல்மணி மாதிரி இருந்தது. ஜூலையில் எழுதியது பாக்கு அளவு இருக்கிறது. கோடு போட்ட தாளிலேயே எழுதுகிறாய், வரி கோட்டை விட்டு மேலே ஏறிப் போகிறது. இரண்டு இடத்தில் எழுதியதன் மேலேயே மறுபடி எழுதியிருக்கிறாய். பேனாவைத் திட்டச் சொன்னாய். பேனா பாவம்.

முதல் கடிதத்தில் நீ மூன்று வரியில் சொல்லிவிட்டுத் தாண்டிப் போனதை நான் அப்போதே பிடித்திருக்க வேண்டும். சாதா லென்சுக்குத்தான் இன்சூரன்ஸ், நல்ல லென்சுக்குக் கையிலிருந்து கட்ட வேண்டும், அதனால் பிறகு பார்க்கலாம் என்றாய். சங்கிலி, 'நல்ல லென்ஸ்' என்ற வார்த்தையைச் சொன்னது யார்? டாக்டரா, கவுண்டரா? இன்சூரன்ஸ் தருகிற லென்ஸ் உன் கண்ணுக்குப் போதுமா போதாதா என்று டாக்டரிடம் வாயைத் திறந்து கேட்டாயா? கேட்டிருக்க மாட்டாய். நானும் கேட்கவில்லையே. எனக்கு வெல்லம் கொடுத்துவிட்டு நீ இருட்டில் நடந்துகொண்டிருக்கிறாய்.

வரும் 22ஆம் தேதி செவ்வாய்க்கிழமை காலையில் சுருளியாண்டியின் பஸ்ஸில் வருகிறேன். ஷெரின் துணைக்கு வருகிறாள். உனக்கு ஜன்னலோரம் குடையை வைத்து இடம் பிடித்திருப்பேன். மார்க்கையன்கோட்டையில் ஏறிக்கொள். சின்னமனூரில் மாறித் தேனிக்குப் போய் உன் கண் டாக்டரைப் பார்ப்போம். நீ அங்கே கேட்கத் தயங்கினால் நான் கேட்கிறேன். பதில் எனக்குக் காதில் விழாது, அதை நீ கேட்டுக்கொள். என் கண்ணும் உன் காதும் சேர்ந்தால் ஒரு முழு ஆள் ஆகிறதா என்று பார்க்கலாம்.

வர மாட்டேன், அவசரம் இல்லை என்று நீ பதில் எழுதுவாய். எழுதுவதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய். நாளைக் காலையில் நல்ல வெளிச்சம் வந்ததும் தினசரிக் காலண்டரை ஒரு கை தூரத்தில் பிடித்துக்கொள். இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு, எனக்கு நம்பிக்கை இல்லாத அந்த ராகுகாலத்தை அடியில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்களே, அதைப் படி. பிறகு வலது கண்ணைப் பொத்திக்கொண்டு, அதையே மறுபடி படித்துப் பார்.

உன் அக்கா,
ஜெபமணி